சாயங்கால வண்டியில் யாராவது இறங்கினார்களா?

இந்த வலைப்பூவில் நான் எழுதுவதெல்லாம் காலையில் போய்விட்டு ராத்திரிக்குள் வீடு திரும்புகிற பயணங்கள். கையில் இருநூறு ரூபாய், தோளில் ஒரு தண்ணீர் பாட்டில், முடிந்தவரை பாசஞ்சர் வண்டி. ஆவணி முதல் சனிக்கிழமை கொடுமுடிக்குப் போனதும் அப்படித்தான். ஆனால் இந்த முறை ஊர் சுற்றும் ஆசையில் கிளம்பவில்லை. கோபத்தில் கிளம்பினேன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் என் வீட்டுக்காரர் செல்வா மேல் கோபம். அவரிடம் காட்ட முடியாத கோபத்தை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ரயிலில் ஏறிவிட்டேன்.

செல்வா என்ன வேலை பார்க்கிறார் என்று முன்பு சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். வடக்கே ஒரு பெரிய நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைக்கிற புது ரயில் ஓடுகிறது. பாதை போட்டதும் ஸ்டேஷன் கட்டியதும் அரசாங்கம். அதை நாள்தோறும் ஓட்டுவதையும் பராமரிப்பதையும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. தென்னந்தோப்பு நம்முடையது, தண்ணீர் கட்டுவதும் காய் இறக்குவதும் குத்தகைக்காரர் பாடு, அவ்வளவுதான். அந்தக் குத்தகைக்காரக் கம்பெனியின் பணிமனையில் ரயில் பெட்டிகளின் தானியங்கிக் கதவுகளைப் பராமரிப்பது செல்வாவின் வேலை. ஒரு கதவு மூட மாட்டேன் என்று அடம்பிடித்து வண்டி தாமதமானால் கம்பெனிக்கு அபராதமாம். நேரத்துக்கு ஒரு விதி, சுத்தத்துக்கு ஒரு விதி, கதவுக்கு ஒரு விதி என்று எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரில் விட்டுவந்த பெண்டாட்டிக்கு மட்டும் அதில் ஒரு வரியும் கிடையாது.

போய் ஐந்து வருஷம் ஆகிறது. பீளமேட்டில் அவர் இருந்த மோட்டார் கம்பெனியை மூடியபோது, இரண்டு வருஷம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். இரண்டு மூன்றாகி, மூன்று ஐந்தாகிவிட்டது. மகளும் சேலத்தில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் மிக்ஸியும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது செல்வாவின் தனி ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாரா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இங்கே சிங்காநல்லூரிலேயே ஒரு பம்ப் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை காலியாக இருக்கிறது. சம்பளம் கம்மி, ஆனால் ராத்திரி சோறு வீட்டில்.

இதில் என்ன குழப்பம், வந்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் கொங்கு நாட்டுக்காரர் இல்லை என்று தெரிகிறது. எங்கள் ஊரில் விருந்துக்குப் போனால் முதல் முறை சோறு போட வரும்போது போதுமுங்க என்று கையை வைத்து மறைப்போம். இரண்டாம் முறையும் மறைப்போம். மூன்றாம் முறை அவர்கள் வற்புறுத்திப் போட்டால்தான் சாப்பிடுவோம். வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்றால் அரை வயிற்றோடு எழுந்து, சாப்பாடு அருமைங்க என்று சொல்லிவிட்டு வருவோம். செல்வா போன் பண்ணி, உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே செஞ்சுக்கலாம் என்றார். நான், உங்க இஷ்டமுங்க, உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க என்றேன். மறுநாளும் அவர் அதையே சொல்ல, நானும் அதையே சொன்னேன். ஒரு வாரம் இப்படியே மாற்றி மாற்றி இலையை மறைத்துக்கொண்டிருந்தோம்.

என் மனசில் இருந்ததைச் சொல்கிறேன். அவருக்கு அங்கேயே இருக்கத்தான் ஆசை, என் வாயால் சரி என்று வரவழைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஐந்து வருஷமாக அவர் போனில் பேசுவது மூன்றே விஷயம். சாப்பிட்டாயா, தொட்டியில் தண்ணீர் ஏறியதா, மகள் பேசினாளா. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஆயிரக்கணக்கான கதவுகளைத் திறந்து மூடிப் பார்க்கிற மனுஷனுக்குத் தன் வாயைத் திறக்க மட்டும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் போன் வந்தது. அன்று அவர் இஷ்டம் கிஷ்டம் என்று எதையும் ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் ஏறியதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தத் தண்ணீர்த் தொட்டி எரிச்சலில்தான் மறுநாள் காலை கிளம்பினேன்.

சிங்காநல்லூரில் ஆறு மணிக்கு டவுன் பஸ் ஏறினால் ஆறரைக்குக் கோவை ஜங்ஷன். எங்கள் ஏரியாவிலேயே ரயில் நிலையம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அங்கே எல்லா வண்டியும் நிற்காது, ஜங்ஷனில் ஏறினால் உட்கார இடமாவது கிடைக்கும். ஈரோட்டுக்கு நூறு கிலோமீட்டர், பாசஞ்சரில் இருபத்தைந்து ரூபாய். எக்ஸ்பிரஸ் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

முன்பெல்லாம் ரயிலில் ஏறினால் எனக்கு ஜன்னல்தான் தெரியும். செல்வா இந்த வேலைக்குப் போனபிறகு மனுஷர்களின் கழுத்தில் தொங்கும் அட்டைகள்தான் கண்ணில் படுகின்றன. பிளாட்பாரம் கூட்டுகிறவரின் சட்டையில் ஒரு கம்பெனிப் பெயர், வண்டி நிறுத்தத்தில் சீட்டுக் கொடுப்பவர் அட்டையில் இன்னொன்று, கேன்டீனில் மூன்றாவது. தண்டவாளத்தில் கம்பி தூக்கிக்கொண்டு போன பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டு போனார்கள், அவர்களும் ஏதோ காண்ட்ராக்டில் வந்தவர்கள்தான். எங்கள் ஆள் கதவு பார்க்க அங்கே போயிருக்கிறார், அவர்கள் ஊர் ஆள் தண்டவாளம் பார்க்க இங்கே வந்திருக்கிறார். ஆளை மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் பஸ் காசாவது மிச்சமாகும் என்று தோன்றியது. அதில் ஒரு பையன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே போனான். அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவள் மேல் இன்னும் அதிகப் பொறாமை.

ஈரோட்டில் இறங்கும்போது ஒன்பதரை. ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய். திருச்சி பக்கம் போகும் வண்டி பத்தரைக்குக் கிளம்பியது. கொடுமுடிக்குக் கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், பத்து ரூபாய். இந்தப் பாதையில் இடது பக்கம் உட்காருங்கள். ஈரோட்டைத் தாண்டியதும் மஞ்சளும் கரும்பும் வாழையும் மாறி மாறி வரும். காவிரி கண்ணில் படாவிட்டாலும் பக்கத்தில் எங்கேயோ கூடவே வருகிறது என்பது பச்சையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொடுமுடிக்குச் சற்று முன்னால் வண்டி ஒரு சின்ன ஹால்ட்டில் நின்றது. வேப்பவலசு. ஒரு மஞ்சள் பலகை, ஒரு தகரக் கூரை, ஒரு சிமென்ட் பெஞ்சு, ஒரு வேப்பமரம். நான் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போதே இறங்கக் கூடாது, சாயங்கால வண்டியில்தான் இறங்க வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு பண்ணியிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுங்கள்.

கொடுமுடியில் செய்ய வேண்டியவை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டேஷனிலிருந்து கோயில் நடக்கிற தூரம். ஆட்டோக்காரர் ஒருவர் அறுபது ரூபாய் கேட்டார். நடந்தே போகிறேன் என்றதும், வெயில்ல நடக்காதீங்க அம்மணி, நாப்பது குடுங்க போதும் என்றார். ஏறிக்கொண்டேன். மும்மூர்த்தி கோயில், பழைய வன்னிமரம், பின்னால் ஆறு. ஆடிக் கூட்டம் வடிந்துவிட்டதால் படித்துறையில் இடம் தாராளமாக இருந்தது. ஆற்றில் நல்ல தண்ணீர். குளிப்பவர்கள் கம்பித் தடுப்பைத் தாண்ட வேண்டாம், இழுப்பு பொல்லாதது. நான் குளிக்கவில்லை. கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு புதுக் கல்யாண ஜோடி. அந்தப் பையன் அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தான். நன்றாக இருங்கள் சாமி என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வந்ததை ஆற்று மேல் பழி போட்டுக் கழுவிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு கோயில் தெருவில், எண்பது ரூபாய். இரண்டாம் முறை சோறு கொண்டுவந்தபோது போதுமுங்க என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நமக்கு இதே பிழைப்பு.

இனி அந்த ஹால்ட் கதைக்கு வருகிறேன். கல்யாணம் ஆன புதிதில் வேப்பவலசில் செல்வாவின் வீட்டில்தான் இருந்தோம். நான் கரூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்த்தேன். அவர் பெருந்துறையில் காலை ஷிப்ட். சாயங்காலம் திருச்சியிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் பாசஞ்சரில் நான் வந்து இறங்குவேன். அவர் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருப்பார். ஆறு வருஷம், ஒரு நாள் தவறியதில்லை. மழை நாளில் உரச்சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். கை காட்ட மாட்டார், சிரிக்க மாட்டார், வேலை எப்படி என்று கேட்க மாட்டார். என் சாப்பாட்டுப் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டுவார், உதைத்து ஸ்டார்ட் செய்வார், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மகள் படிப்புக்காகக் கோவைக்குக் குடிவந்த பிறகு அந்த ஹால்ட்டில் நான் இறங்கவே இல்லை. இந்த முறை கிளம்பியது அங்கே போய் இறங்கி, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, இந்த மனுஷனுக்கு என்னதான் பதில் சொல்வது என்று யோசிக்கத்தான்.

கொடுமுடியில் சாயங்கால வண்டி ஐந்து இருபதுக்கு வரும். அன்று பத்து நிமிஷம் தாமதம். வேப்பவலசுக்கும் பத்து ரூபாய்தான், அதுதான் குறைந்தபட்சக் கட்டணம். பதினைந்து நிமிஷப் பயணம். பழக்க தோஷம், கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டியில்தான் ஏறினேன். அந்தப் பெட்டிதான் வேப்பமரத்துக்கு நேராக நிற்கும். இன்றைக்கும் அங்கேதான் நின்றது. இறங்கினேன். என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை. ஒரு நிமிஷம்தான், வண்டி போய்விட்டது. மரத்தடியில் பைக் இல்லை. இருக்காது என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

தகரக் கூரையடியில் மரகதக்கா உட்கார்ந்திருந்தார். இந்த ஹால்ட்டின் டிக்கெட் ஏஜென்ட். ரயில்வே ஆள் இல்லை, இவரும் ஒப்பந்தம்தான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கி வைத்து இங்கே விற்பார், அதில் கமிஷன். கூட்டுவது, விளக்குப் போடுவது, வண்டி எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் இவர்தான். செல்வாவின் கம்பெனி ஊர் ஊராக ரயில் ஓட்டுகிறது, மரகதக்கா ஒரு பெஞ்சை ஓட்டுகிறார். நான் கரூருக்குப் போய்வந்த காலத்திலும் இவர்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இளைத்துவிட்டேனாம். எட்டு கிலோ கூடியிருக்கிறேன், இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். கூட்டம் எப்படி என்று கேட்டேன். பஸ் வசதி வந்துவிட்டது, ஆளுக்கொரு வண்டி வாங்கிவிட்டார்கள், சில நாள் யாருமே இறங்குவதில்லை, விற்பனை இப்படியே போனால் நிறுத்தத்தை எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று தன் போனை எடுத்து மணி பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

“அம்மணி, இப்ப எனக்கு ஒரு போன் வரும். நான் எடுக்கட்டுமா, நீயே எடுக்கறயா?”

எனக்குப் புரியவில்லை. யாரு போன் என்றேன். செல்வா என்றார். சனிக்கிழமை அவருக்கு வார லீவு, வண்டி போகிற நேரத்துக்குக் கூப்பிடுவாராம். வடக்கே போன முதல் மாசத்திலிருந்து. என்ன பேசுவார் என்று கேட்டேன். ஒன்றும் பேச மாட்டாராம். வண்டி வந்துவிட்டதா என்று கேட்பாராம். யாராவது இறங்கினார்களா என்று கேட்பாராம். இத்தனை பேர் என்று சொன்னால் சரிங்க அக்கா என்று வைத்துவிடுவாராம். உன்னிடம் சொல்ல வேண்டாம், சங்கடப்படுவாய் என்று சொல்லியிருந்தாராம்.

அப்போது எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். எனக்கு வருகிற போனில் தண்ணீர்த் தொட்டி. இங்கே ஐந்து வருஷமாக அந்த மனுஷன் மரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறார். போன் அடித்தது. ‘செல்வா தம்பி’ என்று பெயர் வந்தது. மரகதக்கா என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

“அக்கா, வண்டி போயிருச்சுங்களா? இன்னிக்கு யாராச்சும் எறங்குனாங்களா?”

அவர் பின்னால் குக்கர் விசில் கேட்டது. அறையில் கூட இருப்பவர்கள் யாரோ இந்தியில் பேசினார்கள். அவர் குரல் மட்டும் என்னிடம் பேசுகிற அவசரக் குரலாக இல்லை.

“ஒருத்தி எறங்குனாளுங்க. நாந்தான். கூட்டிட்டுப் போறதுக்குத்தான் ஆளைக் காணோம்.”

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. கடைசியில், தனியாகவா வந்தாய் என்று கேட்டார். இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடச் சொன்னார். பாருங்கள், அப்போதும் பஸ். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

“பஸ்ஸெல்லாம் நான் ஏறிக்குவேன். திங்கக்கிழமை நீங்க கையெழுத்துப் போடாதீங்க. வந்துருங்க. எனக்கு உங்களை இங்க வேணும். என்னால தனியா இருக்க முடியலைங்க.”

இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு வார்த்தை நான் அவரிடம் சொன்னதில்லை. அதற்கு அவர் சொன்னது இதுதான்.

“நேத்தே போட்டுப்போட்டேன் கண்ணு. நீ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லுவேன்னு மத்தியானம் வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவர் அழுகிறார் என்று மூச்சில் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். மரகதக்கா கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். சார்ஜ் தீர்ந்து போன் தானாக அணைந்தபோதுதான் பேச்சு முடிந்தது.

திரும்பி வந்த விவரம் சுருக்கமாக. சாயங்கால வண்டிக்கு அப்புறம் அந்த ஹால்ட்டில் வேறு வண்டி நிற்காது. கரூர் ரோடு ஒரு கிலோமீட்டர், மரகதக்கா கூடவே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். ஈரோட்டுக்கு முப்பது ரூபாய். அங்கிருந்து கோவைக்குப் பஸ்ஸில் வந்தேன், சிங்காநல்லூருக்கு முன்னாலேயே இறங்கி ஆட்டோ பிடித்துக்கொண்டேன். கணக்குக் கூட்டிப் பார்த்தால் இந்த முறை இருநூறைத் தாண்டிவிட்டது. போகட்டும்.

திங்கட்கிழமை செல்வா விலகல் கடிதம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்து, திங்கட்கிழமை கடிதம். மேலதிகாரி இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று பார்த்திருப்பார். மூன்று மாத நோட்டீஸ். அதோடு விடுகிறார்களா என்றால் இல்லை. இவர் இடத்துக்கு வருகிறவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் தேர்ச்சி பெற்றுச் சான்று வாங்கினால்தான் இவரை அனுப்புவார்களாம், ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதாம். புது ஆள் ஒடிசாக்காரப் பையன், கெட்டிக்காரன் என்றார். சீக்கிரம் கற்றுக்கொள்ளடா ராஜா என்று அந்த முகம் தெரியாத பையனுக்காகத் தினமும் விளக்குப் போடுகிறேன். சிங்காநல்லூர் பம்ப் தொழிற்சாலை அதுவரை காத்திருக்குமா என்று தெரியாது. கார்த்திகைக்குள் வந்துவிடுவேன் என்கிறார். தை ஆகும் என்று என் மனசு சொல்கிறது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இப்போது போன் பண்ணினால் தண்ணீர்த் தொட்டியை விசாரித்த பிறகும் வைப்பதில்லை. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருப்பார். நானும் இருப்பேன். வந்துருங்க என்று தினமும் ஒரு முறை சொல்கிறேன். அது போதாது என்று தோன்றினால் இன்னொரு முறையும் சொல்கிறேன். இந்த மூன்று மாதம் அந்த ஐந்து வருஷத்தைவிட நீளமாக இருக்கிறது. அவர் வரப்போகிறார் என்று தெரிந்தபிறகு வீடு முன்பைவிடக் காலியாகத் தெரிகிறது, இது என்ன நியாயமோ.

போக விரும்புபவர்களுக்கு: வண்டி நேரங்கள் அடிக்கடி மாறும், முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுமுடிக்கு அமாவாசை, ஆடிப்பெருக்கு நாட்களில் போகாதீர்கள், ஆறு தெரியாது, தலைகள்தான் தெரியும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சோறு வேண்டும் என்றால் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். சனிக்கிழமை கொடுமுடி போகிறவர்கள் திரும்பும்போது சாயங்காலப் பாசஞ்சரில் ஏறி, வேப்பவலசில் இறங்குங்கள். பத்து ரூபாய்தான். மரகதக்காவிடம் ஈரோட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்கிவிட்டு, அவர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு அதே கரூர் ரோட்டில் பஸ் பிடித்துக்கொள்ளலாம். டிக்கெட் எதற்கு, ஏறத்தான் போவதில்லையே என்று கேட்காதீர்கள், அந்த நிறுத்தம் அங்கே இருக்க வேண்டும். கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி என்றால் நேராக வேப்பமரத்தடியில் இறங்கலாம். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மரகதக்காவுக்கு ஒரு போன் வரும். செல்வா இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் ஊர் வந்து சேரும் வரைக்கும், ஆள் இறங்கியிருக்காங்க தம்பி என்று அக்கா சொல்லட்டும்.